மஞ்ச விளக்கும் 500 டாலர் தண்டமும்

சிக்னல்ல பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவுல மஞ்சள் எத்தனை நொடி எரியணும்? யாரோ ஒரு ஆபீசர் குத்துமதிப்பா மூணுன்னு வச்சிருப்பார்னு தோணுதா? இல்லீங்க. அதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு, அந்தச் சூத்திரத்துக்கு ஒரு வரலாறும் இருக்கு. அதுல இருந்த ஓட்டையை அம்பது வருஷம் கழிச்சு ஒரு டிராபிக் டிக்கெட் காட்டிக் கொடுத்துச்சு. ஓட்டையைச் சொன்ன ஆளுக்கு என்ன கிடைச்சுதுன்னு கேக்கறீங்களா? அபராதம் :-)

கதை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல ஆரம்பிக்குது. டெனோஸ் காசிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்சி மரடுடின்னு மூணு பேர். இதுல ஹெர்மன் சாதாரண ஆள் இல்லை. பிரபஞ்சம் முழுக்க ஒரு மங்கலான வெப்பக் கதிர்வீச்சு மிச்சம் இருக்கணும்னு 1948-லயே ரால்ப் ஆல்ஃபரோட சேர்ந்து கணக்குப் போட்டுச் சொன்னவர். அப்படிப்பட்ட மனுஷன் அடுத்து கையில எடுத்தது தெருமுனை மஞ்ச விளக்கை!

அவங்க பார்த்த சிக்கல் இதுதான். நீங்க ஒரே வேகத்துல வந்துட்டிருக்கீங்க, மஞ்சள் விழுது. தூரத்துல இருந்தா பிரேக் போட்டு நின்னுடலாம். ரொம்ப கிட்ட வந்துட்டா அப்படியே போயிடலாம். நடுவுல ஒரு இடம் இருக்கு. நிக்கவும் முடியாது, சிவப்பு விழறதுக்குள்ள தாண்டவும் முடியாது. அசல் திரிசங்கு சொர்க்கம். அங்க மாட்டினவன் எவ்வளவு யோக்கியமா ஓட்டினாலும் சட்டத்தை மீறித்தான் ஆகணும். மஞ்சள் நேரம் பத்தலைன்னாதான் இந்தத் திரிசங்கு உருவாகுதுன்னு மூணு பேரும் 1960-ல ஆபரேஷன்ஸ் ரிசர்ச் இதழ்ல நிரூபிச்சாங்க.

அதுலேர்ந்து வந்த சூத்திரம் ரொம்ப எளிமை. ஓட்டுநர் சுதாரிக்கிற நேரம், கூட்டல், வேகத்தை பிரேக் திறனோட இரண்டு மடங்கால வகுத்தா வர்ற நேரம். மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர்னா நொடிக்கு ஏறத்தாழ 13.4 மீட்டர். சுதாரிக்க 1 நொடி. பிரேக் திறன் நொடிக்கு நொடி 3.05 மீட்டர்னு வச்சுக்கங்க. விடை 3.2 நொடி. பிற்பாடு ஐ.டி.இ.ங்கிற போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பு இதை எடுத்துக்கிச்சு, அமெரிக்கா பூரா பரவிடுச்சு.

ஆனா இதுக்குள்ள ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு. நிக்க முடியாதவன் அதே வேகத்துல நேராப் போயிடுவான். சரி, அவன் திரும்பணும்னா?

இப்ப 2013-க்கு வருவோம். ஓரிகன் மாநிலம், பீவர்ட்டன் ஊர். மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம்னு ஒருத்தர், ஸ்வீடன்ல எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிச்சவர். அவர் மனைவிக்கு சிவப்பு விளக்கு கேமராவுல ஒரு டிக்கெட் வந்துச்சு. மனுஷன் உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார்.

அந்தக் கணக்கை நாமளும் போடலாம். மேல சொன்ன வண்டி வளைவுல திரும்ப 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கணும். மஞ்சள் விழுறப்ப கோடு 43 மீட்டர் தள்ளி இருக்கு. சுதாரிக்க 1 நொடி, வேகம் குறைக்க சுமார் 2.6 நொடி, மிச்ச தூரத்தை மெதுவாக் கடக்க 0.9 நொடி. மொத்தம் 4.5. விளக்கு கொடுக்கறது 3.2 தான். ஒழுங்கா வேகத்தைக் குறைச்சு பத்திரமாத் திரும்பினவனுக்குத்தான் டிக்கெட்!

யார்ல்ஸ்ட்ரோம் ஊர் நிர்வாகம் மேல ஃபெடரல் கோர்ட்ல வழக்குப் போட்டார். வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதி இல்லைன்னு தள்ளுபடி ஆயிடுச்சு. கணக்கு சரியா தப்பாங்கிற பேச்சுக்கே கோர்ட் போகலை. அவர் விடலை. சூத்திரம் எழுதின மூணு பேர்ல உயிரோட இருந்த மரடுடினையே தேடிப் போய்க் கேட்டார். திரும்புற வண்டிக்கு எங்க சூத்திரம் பொருந்தாதுன்னு அவரும் ஒத்துக்கிட்டார்.

இதுக்கு நடுவுல 2014-ல பொறியாளர்களுக்கு உரிமம் கொடுக்கற ஓரிகன் மாநில வாரியத்துக்கு இவர் எழுதினார். விஷயத்தைக் கொஞ்சம் பாருங்கன்னு. அவங்க விளக்கைப் பார்க்கலை, இவரைப் பார்த்தாங்க. கடுதாசியில "நான் இன்ஜினியர்"னு போட்டிருக்கியே, உரிமம் எங்க? உரிமம் இல்லாம மஞ்ச விளக்கைப் பத்திக் கணக்குப் போட்டு ஊருக்குச் சொல்றதே குற்றம். ரெண்டு வருஷத்துக்கு மேல விசாரணை இழுத்துச்சு, கடைசியில 500 டாலர் தண்டம்.

பி.இ. முடிச்சுட்டு பொட்டி தட்டுற நம்ம கூட்டம் முழுக்க "சாஃப்ட்வேர் இன்ஜினியர்"னுதானே சொல்லிக்கறோம்? அந்த வாரியத்தோட கணக்குப்படி பார்த்தா நம்ம எல்லார் விசிட்டிங் கார்டும் வில்லங்கம்தான்!

2017 ஏப்ரல்ல அவர் திரும்பவும் கோர்ட்டுக்குப் போனார். இந்தத் தடவை டிக்கெட்டுக்காக இல்லை, கணக்குப் போட்டுப் பேசற உரிமைக்காக. வாரியம் தப்பை ஒத்துக்கிட்டு 500 டாலரைத் திருப்பிக் கொடுத்துச்சு. "அதான் பணம் வந்தாச்சே"ன்னு அவர் எழுந்து போகலை. 2018 டிசம்பர்ல நீதிபதி ஸ்டேசி பெக்கர்மன் தீர்ப்பு சொன்னார். உரிமம் இல்லாதவன் "இன்ஜினியர்"ங்கிற வார்த்தையையே சொல்லக்கூடாதுங்கிற விதி பேச்சுரிமைக்கு விரோதம். யார்ல்ஸ்ட்ரோம் மஞ்ச விளக்கைப் பத்தி ஆராயலாம், எழுதலாம், பேசலாம்.

2020-ல ஐ.டி.இ. புது வழிகாட்டி போட்டுச்சு. திரும்புற வண்டிக்கு அவரோட சூத்திரம் அதுல ஏறிடுச்சு.

எனக்கு இதுல உறைக்கிறது ரெண்டு விஷயம். 1960-ல எழுதினவங்க தப்புப் பண்ணலை. நேராப் போற வண்டிக்குன்னு யோசிச்சு எழுதினாங்க. எடுத்துக்கிட்டவங்கதான் நிபந்தனையை விட்டுட்டு விடையை மட்டும் காப்பி அடிச்சாங்க. யாரோ எப்பவோ எழுதின கோடை அப்படியே தூக்கி வேற இடத்துல ஒட்டற நமக்கு இந்த வியாதி நல்லாவே தெரியும். ரெண்டாவது, ஒரு கணக்கு தப்புன்னு யாராவது சொன்னா, கணக்கைத்தான் சரிபார்க்கணும். சொன்னவன் கையில என்ன காகிதம் இருக்குன்னு தேடக்கூடாது. அந்த வாரியம் மொத நாளே பேப்பரும் பென்சிலும் எடுத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை. இயற்பியலுக்கு லைசென்ஸ் கிடையாது சாமி!