பாட்டுப் பாடினா இங்கிலீஷ் வருமா?

கொச்சிக்கு அருகிலுள்ள தீவுக் கிராமத்தில் நடக்கும் ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019) படப் பாட்டை மலையாளம் தெரியாமலே முணுமுணுத்திருக்கீங்களா? அர்த்தம் புரியும் முன்பே வார்த்தைகள் நாக்கில் ஏறியிருக்கும். உயர்நிலைப் பள்ளியில் பாட்டு வழியாக ஆங்கிலம் சொல்லித்தருவதும் இதை நம்பித்தான்.

2013-ல் வெளியான எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வில் 60 பேருக்கு 15 நிமிடம் ஹங்கேரிய மொழிச் சொற்றொடர்கள் கற்றுத்தரப்பட்டன. அவற்றைத் திரும்பச் சொல்வதில், பேசிக் கற்றவர்களைவிடப் பாடிக் கற்றவர்களே முந்தினார்கள். (எல்லாருமே பெரியவங்க, பள்ளி மாணவர்கள் இல்லை.)

பெரிய லாபம் உச்சரிப்பில்தான். ஆங்கிலப் பேச்சில் ‘அண்ட்’ பல நேரம் வெறும் ‘ன்’ ஆகிவிடும். தாளம் தப்பாமல் பாட, மாணவரும் அப்படி விழுங்கியே ஆகணும். ஆனா, பாட்டில் வரும் ‘வான்னா’வைப் பரீட்சையில் எழுதினால் மார்க் போச்சு. வீட்டில் தம்பி தங்கைக்குச் சொல்லித்தருவதென்றால், வரிகளில் சில சொற்களை அழித்துவிட்டு, ரெண்டாவது தடவை கேட்கும்போது கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லுங்க.