தமிழகக் கடற்கரையில் அலைச்சறுக்குப் போட்டிகள்

அலைச்சறுக்கு என்பது கரையை நோக்கி எழுந்து உடையும் அலையின் சரிவில், பலகைமீது நின்று சறுக்கி வரும் விளையாட்டு. இதன் தொன்மையான தாயகம் ஹவாய் உள்ளிட்ட பசிபிக் தீவுகள். 1954இல் ஹவாயின் மக்காகா கடற்கரையில் பன்னாட்டுப் போட்டி தொடங்கியது. 1976இல் தொழில்முறை வீரர்களுக்கான உலகச் சுற்றுப் போட்டிகள் உருவாயின. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

கோவளத்தில் தொடக்கம்

அலையைக் கணித்துக் கடப்பது தமிழக மீனவர்களுக்குப் புதிதன்று. கட்டுமரத்தில் கரை திரும்புபவர்கள் ஏற்ற அலைக்குக் காத்திருந்து, அதன் வேகத்திலேயே கரையேறுவார்கள். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் மீனவக் குப்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் முதலில் மரப்பலகையைக் கொண்டே அலைச்சறுக்கு பழகினார். பின்னர் தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவுடன் 2012இல் அங்கு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. மறு ஆண்டு போட்டி, இசை, யோகா ஆகியவை இணைந்த கடற்கரைத் திருவிழா நடந்தது. மீனவச் சிறுவர்கள் வீரர்களாகவும் பயிற்றுநர்களாகவும் உயர இது வழிவகுத்தது.

பன்னாட்டுப் போட்டிகள்

2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி நடைபெற்றது. இந்தியாவில் அந்த அமைப்பு நடத்திய முதல் போட்டி இதுவே. இத்தகைய போட்டிகளில் ஒவ்வொரு அலைக்கும் நடுவர்கள் 10க்கு மதிப்பெண் வழங்குவர். ஒருவர் பெற்ற சிறந்த இரண்டு மதிப்பெண்களின் கூட்டலே வெற்றியைத் தீர்மானிக்கும். 2025 ஆகஸ்டில் அதே ஊரில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

பாக் நீரிணைக் கரை

தமிழகக் கடற்கரை முழுவதும் இவ்விளையாட்டுக்கு ஏற்றதன்று. புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் வட்டத்தின் மீமிசல் கரையில் பெரிய அலைகளைக் காண்பது அரிது. இந்தியப் பெருங்கடலின் தெற்கிலிருந்து வரும் அலைகளை இலங்கையும் இராமேசுவரம் தீவும் ஆதம் பாலத்து மணல்திட்டுகளும் தடுத்துவிடுகின்றன. பாக் நீரிணையின் ஆழமின்மையும் அலையின் வலுவைக் குறைக்கிறது. ஆனால் இந்த அமைதியே மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காடுகள் வளரவும், படகில் சென்று அவற்றைக் காணவும் துணைசெய்கிறது. ஆகவே கோவளத்தைப் பார்த்து எல்லாக் கரைகளிலும் ஒரேவகை விழாவை நடத்த முடியாது. கடலின் இயல்பை அறிந்தே விழாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரையும் உரிமையும்

போட்டி சில நாட்களில் முடிந்துவிடும். படகை ஏற்றுவதற்கும் வலையை உலர்த்துவதற்கும் மீனவர்களுக்கு அந்த மணல் ஆண்டு முழுவதும் தேவை. கோவளத்தில் விளையாட்டு வேரூன்றியதற்கு அவ்வூர்ப் பிள்ளைகளே அதில் முன்நின்றது முக்கியக் காரணம். பார்வையாளர் கூட்டமும் விடுதிகளும் பெருகும்போது அந்த இடம் அவர்களிடமே நிலைக்குமா என்பதே இவ்விழாக்களின் எதிர்காலத்தை முடிவுசெய்யும்.