விடை வரும் ஓடை: உரையாடல் பெட்டி நிரல்களின் வம்சாவளி குறித்து ஒரு மறுப்பு

ஷெல் ஸ்கிரிப்டுகளிலிருந்து உரையாடல் பெட்டி எழுப்பும் ஜெனிட்டி என்ற கருவி தன் விளக்கக் குறிப்பில் தன்னை ஜிடயலாக்கின் மறு ஆக்கம் என்றும், ஜிடயலாக்கை டயலாக்கின் க்னோம் வடிவம் என்றும் சொல்லிக்கொள்கிறது. இதை அப்படியே ஏற்றால், 1990-களின் முற்பாதியில் சாவியோ லாம் எழுதிய டயலாக்கில் தொடங்கி, க்ளின் ஃபாஸ்டரின் ஜெனிட்டி வழியாக இன்றைய டைனிஃபைல்டயலாக்ஸ் நிரலகம் வரை ஒரே நேர்கோடு இழுத்துவிடலாம். இந்த வாசிப்பில் பாதி உண்மை உண்டு. ‘சரி’ என்றால் 0, ‘ரத்து’ என்றால் 1 என்ற வெளியேறு குறியீடு இந்த வரிசை நெடுக மாறாமல் வருகிறது. ஆனால் எல்லா யூனிக்ஸ் கட்டளைகளுமே வெற்றிக்கு 0 தருபவை. இந்த ஒற்றுமையை மட்டும் வைத்து உறவுமுறை பேச முடியாது. மறு ஆக்கம் என்பது உண்மையானால் கட்டளைச் சொற்களாவது மிஞ்சியிருக்க வேண்டும். டயலாக்கின் ‘இன்புட்பாக்ஸ்’ ஜெனிட்டியில் ‘என்ட்ரி’ ஆயிற்று, ‘யெஸ்நோ’ ‘கொஸ்டின்’ ஆயிற்று. பெட்டியின் உயரத்தையும் அகலத்தையும் எழுத்துக் கட்டங்களில் கட்டாயம் சொல்ல வேண்டும் என்ற விதியும் போயிற்று. பழைய ஸ்கிரிப்டுகள் ஓடுவதற்காக ஜெனிட்டியோடு ஜிடயலாக் என்ற பெயரில் ஒரு பெர்ல் உறையையும் சேர்த்துத் தர வேண்டியிருந்தது. வாரிசுக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

இந்த வரிசையில் முறிவு எங்கே என்பதை டைனிஃபைல்டயலாக்ஸின் மூலநிரலில், உள்ளீட்டுப் பெட்டி எழுப்பும் பகுதி காட்டிக்கொடுக்கிறது. விண்டோஸில் இந்த நிரலகம் ஒரு தற்காலிக ஸ்கிரிப்டை எழுதி ஓட்டும்; மேக்கில் ஒஸாஸ்கிரிப்டை ஏவும்; லினக்ஸில் எந்தக் கருவி கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடும். ஜெனிட்டி கிடைத்தால் அதன் வழக்கமான வெளியீட்டை ஒரு ஷெல் மாறியில் பிடித்துக்கொண்டு, பிழை ஓடையை டெவ்-நல்லுக்கு அனுப்பிவிடுகிறது. டயலாக், அதைப் போன்ற விப்டெயில், ஜிடயலாக், எக்ஸ்டயலாக் ஆகியவற்றுக்கான கிளையிலோ பிழை ஓடையை டெம்ப் அடைவில் ஒரு கோப்பில் சேமித்து, படித்து, பிறகு அழிக்கிறது. ஒரு கிளையில் விடையே வரும் ஓடை, மறு கிளையில் குப்பைக்குப் போகிறது. காரணம் வெளிப்படை: டயலாக் டெர்மினலில் கர்சஸ் நிரலகம் மூலம் பெட்டி வரைகிறது, வரைபடமே வெளியீட்டு ஓடையை அடைத்துக்கொள்வதால் விடைக்குப் பிழை ஓடைதான் மிச்சம். ஜெனிட்டியின் சாளரத்தை ஜிடிகே என்ற சாளர நிரலகம் வரைகிறது. அதன் வெளியீட்டு ஓடை காலியாகவே இருக்கிறது.

டயலாக்கிலும் ‘ஸ்டிடிஅவுட்’ என்ற விருப்பம் உண்டே, பிறகென்ன முறிவு என்று கேட்கலாம். அந்த விருப்பம் எக்ஸ்டயலாக்குடன் ஒத்துப்போகவே தரப்பட்டது என்றும், கர்சஸ் அதே ஓடையில் எழுதுவதால் எங்கும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளில் அதைப் பயன்படுத்துவது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்றும் டயலாக்கின் கையேடே சொல்கிறது. ஆக, மூத்தது இளையதிடம் கடன் வாங்கியிருக்கிறது. எந்த ஆண்டில் என்பதை இந்த வரியிலிருந்து பெற முடியாது. திசை மட்டும் ஐயமின்றித் தெரிகிறது. ஜிடயலாக்கும் எக்ஸ்டயலாக்கும் சாளரக் கருவிகளாக இருந்தும் டயலாக்கின் கிளையிலேயே வைக்கப்பட்டிருப்பது என் வாதத்துக்கு எதிரானதல்ல. அவை சாளரத்துக்குப் போன பிறகும் பழைய ஓடைப் பழக்கத்தைக் கைவிடவில்லை, கைவிட்டது ஜெனிட்டி. ஆகவே ஜெனிட்டியை மறு ஆக்கம் என்பதைவிட, டயலாக்கின் வேலையை எடுத்துக்கொண்டு அதன் இலக்கணத்தை விட்டுவிட்ட புதிய கருவி என்பதே பொருந்தும்.