தஞ்சைத் தரணியும் நாற்கலை ஆய்வும்

மீலாது மேடைகளிலும் மதரஸா ஆண்டு விழாக்களிலும் நாம் வழக்கமாகப் பேசும் பேச்சு ஒன்றுண்டு. மருத்துவத்திற்கு இப்னு ஸீனா, ஒளியியலுக்கு இப்னுல் ஹைதம், அறுவை மருத்துவத்திற்கு அஸ்ஸஹ்ராவி என்று பெயர்களை அடுக்குவோம். கேட்போர் தலையசைப்பர். நாமும் மனநிறைவோடு மேடையை விட்டு இறங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு கூட்டம் முடிந்ததும், கல்லூரியில் படிக்கும் பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், அவர்களெல்லாம் ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர்கள். நம் காவிரிக்கரையில் அப்படி ஏதும் நடந்ததில்லையா? இப்போது யாரும் எதையும் ஆராயவில்லையா?" என்று பணிவோடு கேட்டார். நமக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்த வினாவிற்கு விடை தேடிப் படித்தவற்றையே மருத்துவம், பௌதிகம், உயிரியல், கட்டடக்கலை என்னும் நான்கு துறைகளாக வகுத்து இங்கே தருகிறோம். தேடிய வழியில் நம் பிழை ஒன்றும் நமக்குத் தெரிய வந்தது. அதனையும் மறைக்காமல் சொல்லுவோம்.

முதலில் மருத்துவம். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, ஆட்சியதிகாரத்தை 1799ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கும்பினியாரிடம் இழந்தவர். கோட்டையும் ஓய்வூதியமுமே அவருக்கு எஞ்சின. வாளுக்கு வேலையில்லாத அம்மன்னர் நூலுக்கு வேலை கொடுத்தார். நாயக்கர் காலத்திலிருந்து வளர்ந்து வந்த சரஸ்வதி மகால் நூலகத்தை ஐரோப்பிய நூல்களாலும் கீழ்த்திசைச் சுவடிகளாலும் நிரப்பினார். தன்வந்தரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய நான்கு முறைகளும் இடம் பெற்றன. ஹகீமும் வைத்தியரும் ஒரே கூரையின்கீழ் மருந்து ஆய்ந்த காலம் அது. அங்குத் தேர்ந்த மருந்து முறைகள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் தமிழ்ச் செய்யுள்களாக்கப்பட்டு, பிற்காலத்தில் அந்நூலகத்தாராலேயே அச்சிடப்பட்டன.

2003ஆம் ஆண்டு தஞ்சைக்கு வந்த சென்னை சங்கர நேத்ராலயா நிறுவனர் டாக்டர் பத்ரிநாத், அந்நூலகத்தில் கண் மருத்துவக் குறிப்புகள் இருப்பதை அறிந்தார். மோடி எழுத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட ஏறத்தாழ 50 குறிப்புகள் திரட்டி மொழிபெயர்க்கப்பட்டன. நோயாளியின் கண் எந்நிலையில் இருந்தது, என்ன சிகிச்சை செய்யப்பட்டது என்பன அவற்றில் உள்ளன. கண்களின் ஓவியங்களும் உள்ளன. மன்னரே அறுவை செய்தார் என்று நம்பப்படுகிறது. வரலாற்று அறிஞர் சாவித்திரி பிரீதா நாயர், சரபோஜியின் அறிவியல் பணிகளைப் பற்றித் தனி நூலே எழுதி 2012இல் வெளியிட்டார்.

கண் மருத்துவனை அரபியில் 'கஹ்ஹால்' என்பர். சுர்மாவைக் குறிக்கும் 'குஹ்ல்' என்னும் சொல்லடியாகப் பிறந்தது அது. பாக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஹ்ஹால்களுக்கென்றே எழுதிய 'தத்கிரா' நூலில் ஏறத்தாழ 130 கண் நோய்களை விவரிக்கிறார். கண்புரையை யூனானியார் 'நுஸூலுல் மா', அஃதாவது நீரிறக்கம் என்பர். அந்தப் பழம் மரபும் ஐரோப்பியப் புது மரபும் தஞ்சை அரண்மனையில் சந்தித்தன. இதனை நாம் இன்று எவ்வாறு அறிகிறோம்? எவரோ ஒருவர் அன்றன்று எழுதி வைத்தார். வேறொருவர் அதனைப் பேணிக் காத்தார். இவ்விரண்டுமே காரணம் என்க.

அடுத்துப் பௌதிகம். ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே நாம் காண்கிறோம் என்பதை, இருண்ட அறையில் சோதனைகள் செய்து 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஏழு பாக நூலில் நிறுவினார். இதனை மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். நாம் சொல்லாமல் விட்ட ஒரு நிகழ்ச்சி அவர் வாழ்வில் உண்டு. நைல் நதியின் வெள்ளத்தை அடக்கலாம் என்று அவர் கூறியதைக் கேட்டு, எகிப்தின் கலீஃபா அல்-ஹாகிம் அவரை அழைத்தார். அஸ்வான் பகுதிவரை சென்று ஆற்றைக் கண்ட இப்னுல் ஹைதம், தம் திட்டம் நிறைவேறாது என்று உணர்ந்து திரும்பினார். கலீஃபாவின் சினத்திற்கு அஞ்சிப் பித்தரைப்போல் நடித்து, அவர் 1021இல் மறையும்வரை ஒடுங்கியிருந்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். தம் கருத்து பொய்த்ததை ஆற்றங்கரையிலேயே ஒப்புக்கொண்ட அந்த உள்ளமே ஆய்வாளனின் உள்ளம்.

நைலில் அவருக்கு இயலாதது, காவிரியில் நம் முன்னோர்க்கு வேறு விதமாக இயன்றது. கரிகாலன் கட்டியதாக மரபு கூறும் கல்லணை, ஆற்றை மறித்து நிறுத்த எழுந்ததன்று. காவிரி நீர் தாழ்ந்த கொள்ளிடத்தில் வீணே இறங்கிவிடாமல் டெல்டாப் பக்கம் திருப்புவதே அதன் பணி. மணல்மேல் கல்லை அமிழ்த்தி, அதன்மேல் கல்லை அடுக்கி எழுப்பிய அதன் அடித்தளத்தைக் கண்டுதான், இளகிய மணலில் அணை கட்டும் வகையைத் தாம் கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். 1830களில் முக்கொம்பில் மேலணை கட்டியவர் அவரே. 2018 ஆகஸ்டில் வெள்ளத்தின்போது அம்மேலணையின் 9 மதகுகள் இடிந்து வீழ்ந்ததும் நம் நினைவில் உள்ளது.

பழைய கல்லணை ஏன் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து கிடந்தது? முன்னோர்க்கு நூல் பிடித்துக் கட்டத் தெரியவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். டெல்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த சித்ரா கிருஷ்ணன், ஸ்ரீநிவாச வீரவல்லி ஆகிய ஆய்வாளர்கள் அவ்வாறு கருதவில்லை. நீரோட்டத்தின் இயற்பியலைக் கொண்டு அவர்கள் இதனை ஆராய்ந்தனர். வளைவில் செல்லும் நீர் முறுக்கிக்கொண்டு ஓடும். அடியில் வரும் மணலை ஒருபுறமாக ஒதுக்கும். வெள்ள நீரோடு மணலும் கொள்ளிடத்தில் இறங்க, காவிரிப் படுகை மேடாகாமல் காப்பதற்கு அவ்வடிவம் உதவியது என்பது அவர்கள் வாதம். குறையெனக் கருதியது கருத்துடன் செய்ததாக இருக்கலாம். கேள்வி கேட்டவர்க்கே அது புலப்பட்டது.

மூன்றாவது உயிரியல். தஞ்சைக்காரருக்கு உயிரியல் என்றால் நெல்லே. 1922இல் ஆடுதுறையில் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 27, 1960களில் குறுவை வயல்களில் பரவியதை மூத்தோர் அறிவர். ஆனால் சம்பாப் பயிரை ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் மூழ்கடிக்கும் துயரம் தீரவில்லை. நீரில் மூழ்கிய நெற்பயிர், மூச்சுக்காக மேலெழ முயன்று வேகமாக நீளும். சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் அதில் செலவிட்டுவிடும். வெள்ளம் வடிந்தபின் நிற்க வலுவின்றிச் சாயும். அவ்வாறு சாய்ந்த வயலின் வரப்பில் பேச்சற்று நின்ற உழவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

ஒரிசாவின் நாட்டு நெல் வழிவந்த எஃப்.ஆர். 13ஏ என்னும் வகை மட்டும் இதற்கு மாறாக நடந்துகொள்ளும். மூழ்கியவுடன் அது வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். சத்தைச் செலவிடாமல் காக்கும். இரண்டு வாரம் வரை நீரின்கீழ்க் கிடந்தும், வடிந்தபின் தளிர்க்கும். அதற்குக் காரணமான 'சப்1ஏ' என்னும் மரபணுவை, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் இனங்கண்டு 2006இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். பின்னர் ஒட்டுக் கலப்பின் வழியாகவே அப்பண்பு வேறு இரகங்களில் சேர்க்கப்பட்டது. நம் டெல்டாவில் பலகாலம் விளைந்த சி.ஆர். 1009இலும் அது சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப்1 என்ற பெயரில் உழவர் கைக்கு வந்தது. பொறுத்திருந்த பயிர் பிழைக்கிறது. ஸப்ரின் பொருளை விளக்க இனி வேறு உவமை தேட வேண்டியதில்லை.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. பெயரறியா உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்த அந்த நாட்டு நெல்லை, என்றோ ஒருவர் சேகரித்து வைத்திருக்காவிட்டால், எந்தச் சோதனைச்சாலையும் அம்மரபணுவைக் கண்டிருக்க இயலாது. நம் திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன், 2018இல் மறையும்வரை ஊர் ஊராக அலைந்து 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் திரட்டியதும் அதே பணிதான்.

நான்காவது கட்டடக்கலை. சேதுபாவாசத்திரத்தை அடுத்த மல்லிப்பட்டினக் கடற்கரையில், ஆறு பட்டமாக எட்டு நிலைகளோடு நிற்கும் மனோராவைப் பலர் கண்டிருப்பர். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகச் சரபோஜி 1814இல் எழுப்பியது அது. 'மனாரா' என்னும் அரபுச் சொல்லே மராட்டியர் நாவில் மனோரா ஆயிற்று. நூர் என்னும் ஒளியின் வேரிலிருந்து பிறந்து, ஒளி தரும் இடம் என்று பொருள்படும் சொல் அது. பாங்கு ஒலிக்கும் கோபுரத்திற்கும் கலங்கரை விளக்கத்திற்கும் அரபியில் அதுவே பெயர். நாகூரில் 131 அடி உயர்ந்து நிற்கும் பெரிய மனாராவைக் கட்டியவரும் அதே மராட்டிய மரபின் மன்னர் பிரதாப சிங் (1739–1763) ஆவார். அரபுச் சொல்லை மராட்டிய மன்னர் தமிழ் மண்ணில் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுதினார் எனலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1010இல் இராஜராஜன் நிறைவு செய்த அதன் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும், உச்சியிலுள்ளது 80 டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்றும் இளமையில் கேட்டிருக்கிறோம். பிரெஞ்சுக் கட்டடக்கலை அறிஞர் பியேர் பிஷார், அக்கோயிலைக் கல் கல்லாக அளந்து வரைந்து 1995இல் விரிவான நூல் வெளியிட்டார். சிகரம் பல கற்களைப் பொருத்தி அமைத்தது. நிழலோ எல்லாக் கட்டடத்திற்கும் போலவே விழுகிறது. கதை குறைந்ததால் கோயிலின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை. அத்தனை கற்களை 60 மீட்டர் உயரத்தில் பிசகாமல் பொருத்திய சிற்பியின் திறமை அல்லவா அங்கே வெளிப்படுகிறது! பிறர் கதைக்கு மட்டுமன்று, நம் கதைகளுக்கும் இதே அளவுகோல்தான். அரபியில் நெல்லரிசியை 'அருஸ்' என்பர். அது நம் 'அரிசி'யிலிருந்தே சென்றது என்று மாணவர்க்கு நாம் உறுதியாகச் சொல்லி வந்தோம். மொழிநூலார் அதில் ஒருமித்த கருத்தினர் அல்லர் என்று படித்தபின், அவ்வாறு உறுதி கூறுவதை விட்டுவிட்டோம்.

இனி, நாம் சொல்வதாக வாக்களித்த பிழைக்கு வருவோம்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், அரசலாற்றங்கரை ஊரொன்றில் நாம் ஓதிக்கொடுத்து வந்தோம். ஒரு வீட்டுக்காரர் பழைய தகரப்பெட்டி ஒன்றைக் கொணர்ந்தார். அவருடைய பாட்டனார் ஊருக்கு மருந்து கொடுத்தவராம். பெட்டி நிறைய அரபுத்தமிழில் எழுதிய தாள்கள். கறையான் ஒருபுறம் அரித்திருந்தது. முதல் தாளில் பிஸ்மில்லாஹ் இருந்தது. அடுத்த தாள்களில் ஆட்களின் பெயர், பிறை, மருந்தின் எடை, கண்ணுக்கிட்ட சுர்மாவின் சேர்மானம் எனச் சில வரிகளை மேலோட்டமாகப் பார்த்தோம். "இதை என்ன செய்ய, ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். இறைவன் திருப்பெயர் எழுதிய தாள் காலடியில் படலாகாது. ஓடும் நீரில் விட்டுவிடுங்கள் என்று நாம் சொன்னோம். அவர் துணியில் பொதிந்து, கல் கட்டி, ஆற்றில் இறக்கினார். நாமும் உடன் நின்றோம். கண்ணியமான செயலைச் செய்ததாகவே அன்று எண்ணினோம்.

சரபோஜியின் 50 குறிப்புகளைப் பற்றிப் படித்த இரவில்தான் அந்தப் பெட்டி நம் நினைவுக்கு வந்தது. தாளுக்குச் செய்த மரியாதையை, அதில் எழுதியிருந்த அறிவுக்கு நாம் செய்யவில்லை. அந்தப் பாட்டனார் யாருக்கு எதைக் கொடுத்தார், யார் பார்வை பெற்றார், யார் பெறவில்லை என்பதை இனி எவரும் அறிய முடியாது. கறையான் அரித்தது பாதி. மறுபாதியை அழித்தது கற்றவன் சொல். இப்னு ஸீனாவின் பெயரை மேடையில் முழங்கிய நாமே, நம் ஊர் ஹகீமின் ஏட்டை நீரில் விட்டோம்.

இந்நான்கு துறைகளிலும் நாம் கண்டது ஒன்றே. கண் மருத்துவக் குறிப்பாகட்டும், வளைந்த அணையாகட்டும், நாட்டு நெல்லாகட்டும், அடுக்கிய கல்லாகட்டும், அழியாமல் எஞ்சியிருந்ததால்தான் பின்வந்தவர் ஆராய்ந்தனர். எஞ்சாததை எந்த அறிஞனும் ஆராய இயலாது. தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அரபு, அர்வி, பாரசீகம் பற்றிய பெருநூல் நம் முன்னோர் எழுதிக் குவித்தவற்றின் பரப்பைக் காட்டுகிறது. அவற்றில் இன்னும் எத்தனை நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றனவோ!

ஆகவே வாசக அன்பர்களிடம், குறிப்பாக வீட்டைக் காக்கும் தாய்மார்களிடம், நாம் வேண்டுவது இதுதான். பழைய பெட்டியைத் திறக்கும்போது அரபு எழுத்தைக் கண்டவுடன் ஆற்றுக்கோ மண்ணுக்கோ அனுப்பிவிடாதீர்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். திருமறைத் தாளாயின் உரிய மரியாதை செய்யுங்கள். மருந்துக் குறிப்போ, கணக்கோ, கடிதமோ ஆயின், உங்கள் பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசியால் ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, மூலத்தைக் கறையான் அணுகாத இடத்தில் வையுங்கள்.

நம்மிடம் வினவிய அந்த மாணவருக்கு இப்போது விடை சொல்லிவிட்டோம். அவர் இப்போது அரபுத்தமிழ் எழுத்துகளைப் படிக்க வாரம் ஒருநாள் நம்மிடம் வருகிறார். படிக்கக் கொடுப்பதற்கு அந்தப் பெட்டிதான் நம்மிடம் இல்லை.