தேடி வந்த தோழி

திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தோர் அறையைப் பகிர்ந்து வாழ்கின்றனர். பகிர்ந்த அறை இல்லமாகுமா? வரலாற்றில் விடை தேடுவோம்.

1882-இல் பாரிசு நகரில் இளம் சிற்பி கமீல் கிளோதெல், ஆங்கிலேயத் தோழியரோடு கூட்டாகப் பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அரசு நுண்கலைப் பள்ளி அன்று பெண்களைச் சேர்ப்பதில்லை. 1884-இல் ஜெசி லிப்ஸ்கம் அங்கு இணைந்தார். சிற்பி ரொதேன் இருவருக்கும் ஆசிரியரானார்.

1913-இல் தந்தை இறந்த சில நாள்களில், குடும்பத்தார் கமீலை மனநோய்க் காப்பகத்தில் சேர்த்தனர். வீடு திரும்ப வேண்டுமெனக் கடிதங்களில் மன்றாடினார். மருத்துவர்கள் விடுவிக்கலாம் என்றபோதும் தாய் இசையவில்லை. ஒருமுறையேனும் சென்று பார்க்கவுமில்லை. தம்பி பால் கிளோதெல் புகழ்பெற்ற கத்தோலிக்கக் கவிஞர். அவரும் 30 ஆண்டுகளில் சில முறையே சென்றார். ஆனால், 1929-இல் ஜெசி தம் கணவரோடு கமீலைத் தேடிச் சென்றார். 1943-இல் கமீல் காப்பகத்திலேயே இறந்தார்.

குடும்பம் அடைத்த கதவைப் பட்டறைத் தோழமை தட்டியது. துன்ப நாளில் தேடிவர ஒருவர் இருந்தால், அங்கே இல்லம் தொடங்குகிறது. வல்லத்துப் பெண்களை வாடகைதாரராக மட்டும் எண்ணாமல், பெயரறிந்து நலம் விசாரிக்கும் அயலாராக நாம் வாழ்வோமாக.