நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் (1934–2024) ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கப்பதக்கம் பெற்றுத் தந்த உயரம் பாய்தல் வீரர். யாழ்ப்பாணத்துப் பெரியவிளானில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர்.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எதிர்வீரசிங்கம் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்கு வயது 17. நான்கு ஆண்டுகள் கழித்து மெல்பேர்ணிலும் பாய்ந்தார். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உயர்கல்வி கற்றார்.

அந்தக் காலத்துப் பாய்தலை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்லவேண்டும். விழுவதற்கு மெத்தை இல்லை. கொத்திப் பதமாக்கிய மணல், அல்லது மரத்தூள். முதுகைக் கீழே காட்டிக் கடக்கும் முறை 1968இல் மெக்சிக்கோவில் டிக் பொஸ்பெரி வென்ற பிறகே பரவியது. அதற்கு முன் மணலில் அப்படி விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. வயிறு தடியைப் பார்க்க உருண்டு, கையும் காலும் ஊன்றி இறங்குவார்கள்.

1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றபோது எதிர்வீரசிங்கம் கடந்த உயரம் 2.03 மீற்றர். நம் வீட்டு வாசற்கதவு ஏறத்தாழ அந்த உயரந்தான் இருக்கும். 1952 ஒலிம்பிக் தங்கத்துக்குரிய 2.04 மீற்றருக்கு அது ஒரு சென்ரிமீற்றர்தான் குறைவு. போட்டிகள் மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தன. அதே நாட்களில் இலங்கையில் தமிழர் தாக்கப்பட்டார்கள். மே 27 அன்று அவசரகாலநிலை பிரகடனமானது. நாடு எரிந்துகொண்டிருந்த வேளையில் அதன் பெயரை உயர்த்தியவர் ஒரு தமிழ் இளைஞர். அவர் வாழ்க்கையில் நான் முதலில் சொல்ல விரும்புவது இதையே. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்றார். பின்னர் முனைவர் பட்டம் பெற்று, கல்விப் பணியில் ஆப்பிரிக்கா வரை சென்றார்.

புத்தளக் கரையில் குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊர்களில் பாய்ந்து விழ மணலுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள விளையாட்டு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாடசாலைச் சுவரில் 2.03 மீற்றர் உயரத்தில் ஒரு கோடு கீறி, பக்கத்தில் எதிர்வீரசிங்கத்தின் பெயரை எழுதிவையுங்கள்.