கண்ணாடியில் ஊர்ந்த படலம்

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்த புழு, நத்தை என எல்லாவற்றுக்கும் அன்றைக்கே பெயர் தெரிந்தாக வேண்டும். எனக்கும் உண்டு.

1883-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலாளர் ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்ஸே ஒரு கடல்நீர்த் தொட்டியில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள படலம் ஒன்று ஊர்வதைக் கண்டார். வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை. முன்பக்கம் பின்பக்கம்கூடக் கிடையாது; எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கம் போகும். பாசிமேல் படுத்து, அடிப்பரப்பாலேயே அதைச் செரித்துவிடும். வயிற்றை வெளியே விரித்துப் போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஷுல்ட்ஸே அதைத் தெரிந்த வகை எதிலும் திணிக்கவில்லை. ‘ட்ரைகோபிளாக்ஸ் அட்ஹேரன்ஸ்’, அதாவது ஒட்டிக்கொள்ளும் மயிர்த்தகடு என்று பெயரிட்டார்.

1907-இல் டிலோ க்ரும்பாக், இது தனி விலங்கே இல்லை, ஒரு குட்டி ஜெல்லிமீனின் லார்வா என்றார். ஷுல்ட்ஸே மறுத்து எழுதினார். பாடப்புத்தகங்களோ க்ரும்பாக் பக்கம் சாய்ந்தன. எங்கள் தொழிலில் இதை ‘டூப்ளிகேட்’ என்று குறித்து டிக்கெட்டை மூடுவது என்போம். மூடிய டிக்கெட்டை யார் திறப்பார்கள்?

ஷுல்ட்ஸே 1921-இல் இறந்தார். 1971-இல்தான் கார்ல் க்ரெல் அந்த உயிருக்கென்றே ‘பிளாகோசோவா’ என்ற தனி விலங்குத் தொகுதியை நிறுவினார். முதுகெலும்பிகள் எல்லாம் அடங்கும் தொகுதிக்குச் சமமான இடம் அது. 2008-இல் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது சுமார் 11,500 மரபணுக்கள் இருந்தன. மற்ற விலங்குகளின் நரம்புகளில் வேலை செய்பவையும் அவற்றில் உண்டு, நரம்பே இல்லாத இதற்கு!

வெதுவெதுப்பான கடல்நீர்த் தொட்டிகளில் இன்றும் இது வந்து ஒட்டுவதுண்டு. பாசி துடைக்கும் காந்தத்துக்கு ஒரே இழுப்பு.